இடப்பக்கம் திரும்பினால் இருமும் வண்டி

எட்டுப் போடும் பரீட்சையில் ஓர் அம்மாவை இரண்டு முறை தோற்கடித்தவன் நான். பரீட்சை வைத்த அதிகாரி நானில்லை. அவர் பாவம், மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு விசிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நான் அந்த அம்மாவின் வண்டியைப் பார்த்த மெக்கானிக். பார்த்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. பார்த்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. காது கொடுத்தேன், கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன், நடுவில் ஒரு ஜோக்கும் அடித்தேன். பார்க்கத்தான் இல்லை.

தம்பிகளே, இப்போதெல்லாம் நீங்கள் வண்டியில் ஒரு வயரைச் செருகினால் இன்ன நோய் என்று திரையில் எழுத்து வந்து விழுகிறது. நாங்கள் கார்புரேட்டர் வண்டி பார்த்தவர்கள். அந்த வண்டி பேசாது. வண்டியைக் கொண்டுவந்தவர் பேசுவார். அவர் பேசுவதை நாங்கள் காதில் வாங்கமாட்டோம். அதுதான் எங்கள் தொழில்நுட்பம்.

என் பட்டறை ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. இடத்துக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மதியம் சாப்பிட்டுவிட்டு மாடியில் படுத்தாரென்றால் கீழே யாரும் ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. முறுக்கினால் ஜன்னல் திறக்கும், பிரெஞ்சில் வசவு விழும். எனக்கு அந்த மொழி தெரியாததால் ஆசீர்வாதம் என்றே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பின்னாலேயே செருப்பும் விழும். ஆகையால் மதியத்தில் வருகிற வண்டிகளை எல்லாம் முறுக்காமல், இன்ஜின் தன்பாட்டுக்கு மெதுவாக ஓடும் அந்த ஐடிலிங் ஓட்டத்திலேயே வைத்து, காதைக் கொடுத்துப் பார்த்துப் பழகினேன். நாளடைவில், மெதுவாகப் போகும்போது எந்த வண்டி முக்கினாலும் இருமினாலும் என்னிடம்தான் அனுப்பினார்கள். ‘ஸ்லோ டாக்டர்’ என்று பெயரும் வந்தது. சொல்தாவின் தூக்கம் கொடுத்த பட்டம் அது. நானோ என் காது சம்பாதித்தது என்று நம்பிக்கொண்டு, நடையையே கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அஞ்சலையம்மா வந்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவருடைய வீட்டுக்காரர் டவுனில் ஒரு பாயின் பேக்கரியிலிருந்து நீட்டு ரொட்டிகளை எடுத்து, விடியற்காலையில் ஹோட்டல் ஹோட்டலாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கி, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றாகிவிட்டது. அந்த லைனை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அஞ்சலையம்மா போய்க் கேட்டிருக்கிறார்.

பேக்கரி பாய் மறுக்கவில்லை. “எடுத்துக்கம்மா. ஆனா லைசென்ஸோட வா. அது இல்லாம ரோட்டுல அனுப்பிட்டு, ஒண்ணு ஆச்சுன்னா நான் அல்லாவுக்கும் பதில் சொல்லணும், போலீசுக்கும் பதில் சொல்லணும்” என்று சொல்லியிருக்கிறார். அதுவரை வேறொருவர் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த லைன் மேல் கண். வீட்டில் வேறு வருமானம் இல்லை. லைசென்ஸ் வந்தால் லைன், இல்லையென்றால் லைன் கைமாறிவிடும். கணக்கு அவ்வளவுதான்.

ரொட்டிப் பெட்டி வைக்கும் இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்திருந்தது வீட்டுக்காரரின் பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிளில். அதனால் கியர் வண்டிக்கான லைசென்ஸ்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டாஞ்சாவடி எஸ்டேட்டுக்குள், கம்பெனிகள் பூட்டியிருக்கும் நேரத்தில், வீட்டுக்காரர் ஓரமாக நின்று குரல் கொடுக்க, அஞ்சலையம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டி கற்றுக்கொண்டார்.

“அண்ணே, எட்டு போடறப்ப ஆஃப் ஆயிடுது” என்றார் என்னிடம்.

“ஸ்பீடாப் போனா?”

“ஸ்பீடாப் போனா நல்லாதான் போவுது. மெதுவாச் சுத்தறப்பதான். அதுவும் லெப்டுப் பக்கம் சுத்தறப்ப முக்கி முக்கி நின்னுடுது. ரைட்டுல ஒண்ணும் இல்ல.”

கவனியுங்கள் தம்பிகளே. நோயாளி நோயைச் சொல்லிவிட்டார். எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரலை வைத்தே காட்டிவிட்டார். டாக்டர் என்ன செய்தார் தெரியுமா?

“இன்ஜின் இன்னா என்.சி.சி.யாம்மா, லெப்டு ரைட்டுப் பாக்கறதுக்கு?” என்றார்.

பட்டறையில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அஞ்சலையம்மா சிரிக்கவில்லை.

“இல்லண்ணே, நான் இன்னா சொல்றன்னா...”

“நீங்க பயத்துல லெப்டுல ஆக்சிலேட்டரை விட்டுடறீங்கம்மா. புதுசா ஓட்டறவங்களுக்கு லெப்டுன்னா ஒரு பயம்.”

இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் நானே இயற்றியது. ஆனால் சொன்ன தோரணையில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இத்தனை பேர் சிரித்த பிறகு யார்தான் மறுத்துப் பேசுவார்?

மெதுவான ஓட்டத்தில் தகராறு என்றால் கார்புரேட்டர். அது எனக்கு வேதம். மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டை ஊதினேன், காற்றுத் திருகாணியைச் சரிசெய்தேன், பிளக்கை மாற்றினேன். சந்தில் ஸ்டாண்டு போட்டுக் காதைக் கொடுத்தேன். பூனை தூங்குகிற மாதிரி ஓடியது. மெயின் ரோட்டுக்குப் போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பி வந்தேன். ஒரு குறையும் இல்லை. “போய் ஜம்முன்னு எட்டு போட்டுட்டு வாம்மா” என்று அனுப்பினேன்.

போனார். இடப்பக்க வட்டத்தில் வண்டி நின்றது, கால் தரையில் ஊன்றியது, விசில் ஊதியது, முடிந்தது.

மறுபடி வந்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வண்டி மேல் இல்லை, அந்த அம்மா மேல். நான் சரிசெய்த வண்டி எப்படி நிற்கும்? சரி, நின்றுபோவதுதானே பிரச்சினை, நிற்கவே முடியாதபடி செய்துவிடுகிறேன் என்று ஐடிலிங்கை ஏற்றிவைத்தேன். கொஞ்சநஞ்சம் இல்லை. ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி வில்லியனூர் போய்ச் சேரும் அளவுக்கு. சொல்தா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, வசவுக்கு வார்த்தை கிடைக்காமல் மூடிக்கொண்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பரீட்சையில் நடந்தது இது. வலப்பக்க வட்டத்தில் வண்டி முரட்டு மாடு மாதிரி இழுத்தது. அஞ்சலையம்மா பிரேக்கை மிதித்து மிதித்துச் சமாளித்துவிட்டார். இடப்பக்க வட்டத்தில் முக்கியது, இருமியது, செத்த மாதிரி ஆனது. பதறிப்போய் ஹேண்டிலை நேராக்கினார். நேராக்கியதும் வண்டிக்கு உயிர் வந்து, ஒரு குதி குதித்து, அதிகாரியின் நாற்காலியை நோக்கிப் பாய்ந்தது. அதிகாரி எழுந்து ஓடிய வேகத்துக்கு அவருக்கே ஒரு லைசென்ஸ் கொடுக்கலாம். நாற்காலிக்குக் கால் போனது. மனிதருக்கு ஒன்றும் இல்லை.

“முதல்ல வண்டியை அடக்கக் கத்துக்கிட்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரரும் அதையே சொன்னாராம்: “நான் இத்தினி வருஷம் ஓட்டினேன், எனக்கு நிக்கலையே.” அதிகாரி ஓட்டுபவரைச் சொன்னார், புருஷன் ஓட்டுபவரைச் சொன்னார், மெக்கானிக்கான நானும் ஓட்டுபவரைத்தான் சொன்னேன். மூன்று ஆண்கள் ஒரே கருத்தைச் சொன்னால் அது உண்மை ஆகிவிடும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

பேக்கரியிலிருந்து சேதி வந்தது. வர்ற வாரம் பரீட்சையில் தேறவில்லை என்றால் லைனை அந்த ஆளுக்கே எழுதிவிடுகிறேன், ஹோட்டல்காரர்கள் நச்சரிக்கிறார்கள் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். அஞ்சலையம்மா என்னிடம் வந்து அதைச் சொன்னது குற்றம் சொல்கிற குரலில் இல்லை. இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் என்னைப் படுத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

அந்த வாரம் என் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்து போய், பட்டறையிலேயே விட்டுப்போயிருந்த அஞ்சலையம்மா வண்டியைப் பார்ப்பேன். கார்புரேட்டரைக் கழற்றுவேன், சுத்தமாக இருக்கும், மறுபடி மாட்டுவேன். டீ சொல்வேன், டீ வரும், ஆறிப்போகும். வீட்டில் அடுப்பில் குழம்பு கொதித்தால் அதிலும் இன்ஜின் விட்டு விட்டு அடிக்கும் மிஸ்ஸிங் சத்தம் கேட்டது. தட்டு முன்னால் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். என் சம்சாரம், “சாப்புடறியா, டியூனிங் பண்றியா?” என்று கேட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரீட்சை அன்றைக்கு நானும் போனேன். கையில் டூல்ஸ் பை. மைதானத்துக்கு வெளியே புளியமரத்தடியில் பேர் கூப்பிடுவதற்காகக் கூட்டம் நின்றது. டிரைவிங் ஸ்கூல்காரர்கள், புதுப் பையன்கள், அவர்களைக் கூட்டிவந்த அப்பாக்கள். அதில் பாதிப் பேர் என் பட்டறைக்கு வருகிறவர்கள். ‘ஸ்லோ டாக்டரே நேர்ல வந்துட்டாரு’ என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வழக்கமாக இதற்கெல்லாம் கை தூக்கிக் காட்டுவேன். அன்றைக்குக் கை எழவில்லை.

அஞ்சலையம்மா மரத்தடிக்குப் பின்னால் மண்ணில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். வலம் நன்றாகப் போனது. இடம் திரும்பினார். முக்கியது. நின்றது.

என் கை அதுபாட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது. குனிந்தேன். நான் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் அஞ்சலையம்மா வண்டியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“அதைத் தொடாதீங்கண்ணே.”

“ஒரே ஒரு திருகும்மா. நேரம் இல்ல.”

“நேரம் இல்லன்னுதான் சொல்றேன். இத்தினி நாளு திருகினீங்க. ஏறுங்க.”

“இன்னாது?”

“நீங்க ஏறி எட்டு போடுங்க. நான் பாக்கறேன்.”

டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர் நடுவில் புகுந்தார். “எதுக்குக்கா வம்பு? நம்ம பையன் வண்டி நிக்குது பாரு, அதுல போட்டுக் குடுத்துடு. எந்த வண்டியா இருந்தா அதிகாரிக்கு இன்னா?”

அஞ்சலையம்மா அந்த வண்டியை ஒரு முறை பார்த்தார். புதுசு, பளபளவென்று இருந்தது. “இன்னிக்கு அதுல போட்டுட்டு, நாளைக்கு ரொட்டியோட இதுல விழறதுக்கா? இன்னா கோளாறுன்னு தெரியணும் எனக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏறுங்கண்ணே.”

தம்பிகளே, இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து மோட்டார் சைக்கிளோடு கிடந்தவன் நான். ஆனால் எட்டு என்ற ஒன்றை என் வாழ்நாளில் போட்டது கிடையாது. எனக்கு லைசென்ஸ் வந்த கதையைக் கேட்காதீர்கள். அது அந்தக் காலம்.

ஏறினேன். கூட்டம் வளைத்துக்கொண்டது. வலப்பக்கம் ராஜா மாதிரி சுற்றினேன். இடப்பக்கம் ஹேண்டிலை ஒடித்தேன். இன்ஜின் இரண்டு முறை இருமியது. என் பெருமை, என் பட்டம், நான் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். கால் ஊன்றினேன். செருப்பு ஒரு பக்கம் போனது.

“மெக்கானிக்குக்கு ஒரு எல்.எல்.ஆர். போடுங்கப்பா!” என்று எவனோ கத்தினான். மரத்தடியே சிரித்தது.

நான் ஆக்சிலேட்டரை விடவில்லை. விட்டிருந்தால் எனக்குத் தெரியும். கை கெட்டியாகப் பிடித்திருந்தது, இன்ஜின் செத்தது. ‘நீங்க பயத்துல விட்டுடறீங்கம்மா’ என்று சொன்னவனுடைய கை அது. அப்போதும் இடுப்பில் செருகியிருந்த ஸ்க்ரூ டிரைவருக்கு இன்னொரு கை அரித்துக்கொண்டே இருந்தது. அதைப் பைக்குள் போட்டு, பையைத் தூக்கி அஞ்சலையம்மா கையில் கொடுத்தேன். “இதை வெச்சுக்கம்மா. நான் கேட்டாலும் குடுக்காதே.”

வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி உதைத்தேன். ஓடியது. ஒன்றையும் தொடாமல் ஹேண்டிலை மட்டும் வலப்பக்கம் ஒடித்தேன். ஓடியது. இடப்பக்கம் கொண்டுபோனேன். பாதி வரைக்கும் ஓடியது. அதையும் தாண்டினால் இருமியது. கடைசி வரைக்கும் ஒடித்தால் சாவியைத் திருகி அணைத்த மாதிரி நின்றது.

வண்டி தானாக நிற்கவில்லை. யாரோ அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்லைட்டுக்குப் பின்னால் கழுத்துப் பக்கம் விரலை விட்டுத் தடவினேன். சாவியிலிருந்து இறங்கும் வயர்களில் ஒன்று தோல் உரிந்து செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி வண்டியில் அந்த வயர் இரும்பில் பட்டால் பிளக்கில் நெருப்பு வராது. சாவி அணைப்பதும் அப்படித்தான். வீட்டுக்காரர் பெட்டியில் கொள்ளாத ரொட்டியைக் கூடையில் போட்டு ஹேண்டிலில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவாராம். வருஷக்கணக்கில் அந்தக் கயிறு உரசி உரசித் தின்ற வயர். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் மட்டும் அது போய் இரும்பைத் தொடும்.

ஓடுகிற ரோட்டில் யார் ஹேண்டிலை முழுக்க ஒடிக்கிறார்கள்? மெதுவாகப் போகிறவர்தான் ஒடிப்பார். அதிலும் இடப்பக்கம்? நம் ரோட்டில் யூ-டர்ன் எல்லாம் வலப்பக்கம்தான். வீட்டுக்காரருக்கு நிற்காததற்கும், டெஸ்டுக்கு ஓட்டிப் பார்த்த எனக்கு நிற்காததற்கும் காரணம் அதுதான். போதாக்குறைக்கு என் பட்டறைச் சந்தில் இடப்பக்கம் சுவர். வருகிற வண்டியின் ஹேண்டிலை எல்லாம் வலப்பக்கம் ஒடித்துத்தான் நிறுத்துவேன். அந்த வண்டி என் கண் முன்னாலேயே வாரக்கணக்கில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறது. மெதுவாகப் போகும்போது வருகிற நோய் எல்லாம் மெதுவாகப் போவதால் வருவதில்லை, தம்பிகளே. மெதுவாகப் போகும்போது மட்டும் மனுஷன் வேறென்ன செய்கிறான் என்று பாருங்கள். உங்கள் திரையும் ஹேண்டிலை ஒடித்துப் பார்க்காது. நீங்கள்தான் ஒடிக்க வேண்டும்.

இதை நான் கண்டுபிடித்த அதே நேரத்தில் மைதானத்திலிருந்து கூப்பிட்டார்கள்: “அஞ்சலை!”

வயரைச் சுற்றிக் கட்டச் சில நிமிஷங்கள் வேண்டும். நான் ஏற்றிவைத்த பைத்தியக்கார ஐடிலிங்கை இறக்க வேண்டும். அப்படியே அனுப்பினால் இந்த முறை அதிகாரிக்கே கால் போகும். இருந்த வழி ஒன்றுதான். கேட்டுக்குள் ஓடினேன்.

புது நாற்காலியிலிருந்து அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாருய்யா?”

“மெக்கானிக் சார். வண்டியில வயர் கோளாறு. போன ரெண்டு தடவையும் அந்தம்மா மேல தப்பு இல்ல சார். என் மேல.”

சொன்னது சின்னக் குரலில்தான். ஆனால் பின்னாலேயே வந்துவிட்ட கூட்டத்துக்கு நன்றாகக் கேட்டது. ஸ்லோ டாக்டர் பட்டம் அந்த இடத்தில் விழுந்து உடைந்த சத்தமும் கேட்டிருக்கும்.

“வண்டி சரியில்லன்னு எல்லாரும்தான் சொல்றாங்க.”

“நீங்களே வந்து ஹேண்டிலை லெப்டுல ஒடிச்சுப் பாருங்க சார்.”

அவர் வந்தார். நாற்காலிக் கால் போனது அவருக்கும் மனதில் இருந்திருக்கும். வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வந்தார். வலப்பக்கம் ஒடித்தார், ஓடியது. இடப்பக்கம் ஒடித்தார், நின்றது. மறுபடி என்னைக் கொண்டு உதைக்க வைத்து, மறுபடி ஒடித்தார். அஞ்சலையம்மா முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“கடைசி ஆளாக் கூப்புடறேன். அதுக்குள்ள முடி” என்றுவிட்டுப் போய்விட்டார்.

பையைக் கேட்டேன். அஞ்சலையம்மா கொடுக்கவில்லை. நான் சொன்னதை நானே மறந்திருந்தேன். “டேப்பு மட்டும் தரேன்” என்று அதை மட்டும் எடுத்துக் கொடுத்தார். வயரைச் சுற்றினேன், இரும்பைத் தொடாத பக்கமாக ஒதுக்கிக் கட்டினேன். பிறகு, “இப்ப ஸ்க்ரூ டிரைவரு. ஐடிலிங்க இறக்கணும், சத்தியமா வேற ஒண்ணும் தொடமாட்டேன்” என்று கெஞ்சி வாங்கினேன். இறக்கினேன். கை இன்னும் ஒரு கால் திருகு கேட்டது. கொடுக்கவில்லை. அவரே கையை நீட்டி ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அவர் வட்டத்துக்குள் இறங்கினபோது மரத்தடிக் கூட்டம் முழுக்க வேலி ஓரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வலப்பக்க வட்டத்தை நான் பார்க்கவே இல்லை. நடுவில் கடந்து இடப்பக்கம் ஹேண்டிலைக் கொண்டுபோனார். முழுக்க ஒடித்தார். காது டாக்டரான என் காதில் அப்போது எதுவும் விழவில்லை, என் இதயம் மிஸ்ஸிங் அடித்ததைத் தவிர. வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. கால் மேலேயே இருந்தது. சுற்றி வந்து நடுக்கோட்டைத் தாண்டியது. விசில் ஊதவில்லை. இன்னொரு எட்டும் போடச் சொன்னார் அதிகாரி. அதையும் போட்டார். தாளில் ‘பாஸ்’ என்று எழுதினார் அதிகாரி.

வெளியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வழக்கமான வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் ஒடித்து, இன்ஜின் ஓட ஓட நிறுத்தி, கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகுதான் சாவியைத் திருகி அணைத்தார். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கோ வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை பட்டும் ஒரு ஜோக் அடித்தால்தான் மூச்சு வரும் எனக்கு.

“என்னதான் சொல்லும்மா, இந்த எட்டுல பாதி என்னோடதுதான்” என்றேன்.

டூல்ஸ் பையை என் கையில் கொடுத்துவிட்டு, அஞ்சலையம்மா வண்டியை உதைத்தார்.

“ஆமாண்ணே, நின்னுபோன பாதி.”